முழங்கால் உயரத்தில் முதல் வெட்டு: வேலிச்செடி வளர்க்கப் பழகுவோருக்கு

சேலம் கன்னங்குறிச்சியில் வீடு கட்டிக் குடிவந்த வருடம் மூன்று பக்கம் சுவர் எழுப்புவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிட்டது. நான்காவது பக்கத்துக்குக் கம்பிவேலி போட்டு, அதை ஒட்டி 40 அடி நீளத்துக்கு மஞ்சள் டுராண்டா நட்டேன். ஆறடி வளரட்டும், அப்புறம் வெட்டிக்கொள்ளலாம் என்று கத்திரியே வைக்காமல் விட்டேன். ஒன்றரை வருடத்தில் ஆறடி வந்தது. மேலே பொன்னாகப் பளபளத்தது. கீழே இரண்டடிக்கு வெறும் குச்சி. பக்கத்து வீட்டுக் கோழிகள் தலையைக்கூடக் குனியாமல் உள்ளே வந்து கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டுப் போயின.

ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் காலம் முழுக்கக் கவாத்து வேலை (செடியை வெட்டிச் சீராக்குவது) பார்த்த பெரியவர் ஒருவர் அப்போது வீட்டுக்கு வந்திருந்தார். வேலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “காலை விட்டுட்டுத் தலையை வளர்த்திருக்கீங்க தம்பி” என்றார். அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதில் பாதி அந்த ஒரு வரிக்குள் அடங்கும். மீதி, அதற்குப் பிறகு கையைக் கிழித்துக்கொண்டு கற்றது.

மலைமேல் கவாத்து என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். (போலீஸ் பரேடுக்கும் அதே சொல்தான். இரண்டிலும் வரிசை கலையக்கூடாது.) காபிக் கன்றை முழு உயரத்துக்கு ஓடவிட்டுப் பிறகு வெட்டுவதில்லை. இடுப்பளவில் நுனியைக் கிள்ளி நிறுத்தி, பக்கக் கிளைகள் திரண்ட பிறகுதான் அடுத்த அடுக்குக்கு விடுவார்கள். வேலிச்செடிக்கும் அதே வழி. அடர்த்தி முதலில், உயரம் பிறகு.

ஏன் அப்படி?

செடியின் உச்சிக் கொழுந்தில் ஆக்சின் என்கிற வளர்ச்சிப்பொருள் உண்டாகிறது. அது தண்டு வழியே கீழே இறங்கி, கணுக்களில் உள்ள மொட்டுகளைத் துளிர்க்கவிடாமல் அடக்கி வைக்கிறது. கொழுந்தை வெட்டியதும் தடை நீங்கி, வெட்டுக்குக் கீழே இரண்டு மூன்று கணுக்கள் ஒன்றாகத் துளிர்க்கும். ஒரு குச்சி மூன்றாகும், அடுத்த வெட்டில் மூன்று ஒன்பதாகும்.

இதில் கவனிக்க வேண்டியது, வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் உள்ள கணுக்கள்தான் முதலில் விழிக்கும். ஐந்தடி உயரத்தில் வெட்டினால் நாலே முக்கால் அடியில் புதர் கட்டும், முழங்காலுக்குக் கீழே ஒன்றும் நடக்காது. கீழே அடர்த்தி வேண்டுமானால் கீழேதான் வெட்டியாக வேண்டும். வளர்ந்த செடியைப் பாதியாக வெட்ட யாருக்கும் மனசு வராது என்பதால்தான் கன்றாக இருக்கும்போதே செய்யச் சொல்கிறேன்.

என்ன செடி வைத்திருக்கிறீர்கள்?

சேலம் ஊருக்குள் வேலிக்கு அதிகம் கண்ணில் படுவது மஞ்சள் டுராண்டா. வெயில் எவ்வளவு அடித்தாலும் தாங்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும், நிழலில் வைத்தால் மட்டும் மஞ்சள் போய்ப் பச்சையாகிவிடும். பழகுவதற்கு இதைவிட நல்ல செடி கிடையாது. தப்பாக வெட்டினாலும் ஒரு மாதத்தில் மன்னித்துவிடும். ஒரு அடிக்கு ஒரு கன்று வீதம் நடலாம். சீக்கிரம் அடைய வேண்டுமென்றால் இரண்டு வரிசையாக, பல்வரிசை மாறி விழுவதுபோல நடுங்கள்.

இட்லிப்பூவும் செம்பருத்தியும் பூவுக்காக வைப்பவை. அவற்றுக்கு வெட்டு வேறு, பின்னால் சொல்கிறேன். மருதாணி முள்ளோடு நன்றாக அடையும். ஆடு மாடு வாய் வைக்காத வேலி வேண்டுமென்றால் ஆடாதோடை. தோட்டத்து எல்லைக்குக் கொங்குப் பக்கம் காலங்காலமாகக் கிளுவைதான். போத்தை, அதாவது கிளைத்துண்டை, வெட்டி ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும்.

அரளியும் திருகுகள்ளியும் வேலிக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அரளி முழுச் செடியும் நஞ்சு. திருகுகள்ளிப் பால் கண்ணில் தெறித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் நான் இரண்டையும் வைக்கமாட்டேன். டுராண்டாவின் மஞ்சள் காய்களும் வாயில் போடக்கூடாதவை. ஒழுங்காக வெட்டி வந்தால் காய் பிடிக்கவே விடமாட்டீர்கள் என்பது ஒரு வசதி.

தூஜா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. அது டுராண்டா மாதிரி இல்லை. இலையில்லாத பழுப்புக் கட்டை வரை வெட்டிவிட்டால் அந்த இடம் திரும்பப் பச்சையாகாது. பச்சை நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

கருவிகள்

மூன்று போதும். ஒற்றைக் கையால் பிடிக்கும் கவாத்துக் கத்திரி ஒன்று. கடையில் செக்கேட்டர் என்று கேட்டால் சட்டென்று எடுத்துத் தருவார்கள். இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகிற வகையைப் பார்த்து வாங்குங்கள். ஒரு அலகு தட்டையான பலகைமேல் வந்து மோதுகிற வகை காய்ந்த குச்சிக்குச் சரி, பச்சைத் தண்டை நசுக்கிவிடும். இரண்டாவது, இரண்டு கையால் பிடிக்கும் நீளமான வேலிக் கத்திரி. மூன்றாவது, கட்டைவிரலைவிடப் பருத்த கிளைக்கு ஒரு சின்னக் கைவாள்.

வாங்கும்போது பழைய செய்தித்தாள் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். வேலிக் கத்திரியால் தாளை வெட்டிப் பாருங்கள். அடி முதல் நுனி வரை சுத்தமாக வெட்ட வேண்டும். தாள் அலகுகளுக்கு நடுவே மடங்கிச் சிக்கினால் நடு போல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது அலகு சரியில்லை. வீட்டிலிருக்கும் கத்திரிக்கும் இதே சோதனைதான். ‘முனை மழுங்கிவிட்டது’ என்று நாம் சாணைக்குக் கொடுக்கிற கத்திரிகளில் பாதி, போல்ட்டைக் கால் திருகு இறுக்கினாலே சரியாகிவிடும்.

மின்சாரக் கத்திரி நூறடிக்கு மேல் வேலி வைத்திருப்பவர்களுக்குத்தான் லாபம். வாங்கினால் பேட்டரியில் ஓடுவதாக வாங்குங்கள். ஒயர் உள்ளதென்றால் ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள், ஈரச் செடியில் தொடவே கூடாது. வீட்டு மெயின் போர்டில் ஷாக் அடித்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முதல் வருடம் கைக் கத்திரியிலேயே பழகுவது நல்லது. மின்கத்திரி தப்பையும் வேகமாகச் செய்யும்.

முதல் வருடம்

கன்று நட்டு ஆறேழு வாரத்தில் புதுத்துளிர் ஓடத் தொடங்கினால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அப்போது முழங்கால் உயரம் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுங்கள். கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சற்றுச் சாய்வாக. கணுவை ஒட்டி வெட்டினால் மொட்டு காய்ந்துவிடும். ரொம்ப மேலே வெட்டினால் மிச்சக் குச்சி பட்டுப்போய்க் கறுத்து நிற்கும்.

வெட்டிய அன்று வரிசை பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். வீட்டில் யாராவது, “காசு கொடுத்து வாங்கி மொட்டையடிச்சுட்டியே” என்பார்கள். பொறுங்கள். ஒவ்வொரு தண்டிலும் இரண்டு மூன்று துளிர் கிளம்பி ஒரு சாண் வந்ததும், அந்தப் புது வளர்ச்சியில் பாதியைத் திரும்ப எடுங்கள். இப்படி ஒவ்வொரு முறையும் பாதி எடுத்துப் பாதி விட்டால் வேலி நான்கு அங்குலம் நான்கு அங்குலமாக ஏறும். நான்கடி வர இரண்டு வருடம்கூட ஆகலாம். ஆனால் கோழி நுழையாது.

நட்ட முதல் வருடம் பக்கவாட்டில் தொட வேண்டியதே இல்லை. தெருவுக்குள் நீட்டும் ஒன்றிரண்டு கிளையை மட்டும் செக்கேட்டரால் எடுத்தால் போதும்.

வெட்டும் நாள்

வளர்ந்த வேலியை எப்படி வெட்டுவது என்று இனிப் பார்ப்போம். முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் விடுங்கள். வெட்டுவதைக் காலை ஏழு மணிக்குள் தொடங்குங்கள் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நிழலில் இருந்த இளம் இலைகள் திடீரென்று உச்சி வெயிலைப் பார்த்தால் கருகிவிடும்.

கத்திரியைத் தொடும் முன் ஒரு நீளக் கம்பால் வேலியை இரண்டு மூன்று இடத்தில் லேசாகத் தட்டிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். குளவிக்கூடு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் ஒருமுறை நேரே கையை விட்டு, இரண்டு நாள் ஒரு கண்ணோடு ஆபீஸ் போனேன். அடுத்து இலைகளை விலக்கி உள்ளே பாருங்கள். சின்னான் குருவி கிண்ணம் மாதிரிக் கூடு கட்டியிருக்கலாம், தையல்சிட்டு இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்திருக்கலாம். கூடு இருந்தால் அந்த மூன்றடியை விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள். ஒரு மாதத்தில் குஞ்சுகள் பறந்துவிடும், அதுவரை வேலி கொஞ்சம் கோணலாக இருந்தால் குடி முழுகிவிடாது. மலையடிவாரத்தில் பச்சைப்பாம்பும் படுத்திருக்கும். கொடி மாதிரியே அசையும் என்பதால் நிதானமாகப் பாருங்கள். சத்தம் கேட்டால் அதுவே போய்விடும்.

சரி, இப்போது நூல் கட்டுங்கள். கண்ணளவில் வெட்ட வரும் என்று எல்லோரும் நினைப்போம். பத்தடி தாண்டியதும் தோள் சோர்ந்து கத்திரி தானாக இறங்கும். வேலி முடியும் இடத்தில் ஒரு சாண் குறைந்திருக்கும். இரண்டு முனையிலும் சவுக்குக் குச்சி நட்டு, வேண்டிய உயரத்தில் கொத்தனார் நைலான் நூலை இழுத்துக் கட்டுங்கள். நீளமான வேலிக்குக் கொத்தனாரிடமே டியூப் மட்டம் கடன் வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். ஏற்காட்டில் சரிவான இடமென்றால் ஒரே மட்டமாக இழுக்க முயலாதீர்கள். ஒரு முனையில் இடுப்பளவும் மறுமுனையில் தலைக்கு மேலும் வந்து நிற்கும். தரைச் சரிவோடு நூலும் சரியட்டும் அல்லது பத்தடிக்கு ஒரு படி வைத்து இறக்குங்கள்.

வேலி அடியில் அகலமாகவும் மேலே ஒடுங்கியும் இருக்க வேண்டும். நான்கடி உயரத்துக்கு அடியில் 2 அடி, உச்சியில் 1½ அடி. அதாவது ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலம் உள்சாய்வு. நாம் பழக்கத்தில் இதற்கு நேர்மாறாகத்தான் வெட்டுகிறோம். மேலே குடை மாதிரி விரிந்து, கீழே வெயில் விழாமல் இலை உதிர்ந்து, திரும்ப அதே குச்சிக்கால் கதை. உச்சியிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். நூலுக்கும் அடிச்செடிக்கும் இடையில் இடைவெளி தெரிந்தால் வேலி தலைகீழாக இருக்கிறது. குண்டு செடிமேல் வந்து சாய்ந்தால் சரியாக இருக்கிறது.

பக்கவாட்டை முதலில், கீழிருந்து மேலாக வெட்டுங்கள். வெட்டியது கீழே விழுந்துவிடும், அடுத்து வெட்டப்போகும் இடத்தை மறைக்காது. ஒரு கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு மற்றக் கையை மட்டும் இயக்கினால் அலகு ஆடாது. சரக் சரக்கென்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் வேலை சரியாகப் போகிறது. சத்தம் மாறி, பிடி கெட்டியானால் உள்ளே பருத்த கிளை இருக்கிறது. வேலிக் கத்திரியால் அதை முறுக்காதீர்கள். கீழே வைத்துவிட்டு செக்கேட்டரை எடுங்கள். அந்தக் கிளையை வேலியின் முகத்தோடு வெட்டாமல் ஒரு சாண் உள்ளே தள்ளி வெட்டினால் வெட்டுவாய் வெளியே தெரியாது.

அப்புறம் உச்சி. நூலுக்கு ஒரு விரல் கீழே அலகு இருக்கட்டும். நூலையே வெட்டிக்கொள்ளாத புதியவர் கிடையாது, உபரியாக ஒரு துண்டு நூல் சட்டைப்பையில் இருக்கட்டும். ஒரு நாளில் பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

முடிந்ததும் இன்னும் ஒரு வேலை இருக்கிறது, பலரும் விட்டுவிடுவது இதைத்தான். கத்திரியால் மேலாக மட்டும் வெட்டிக்கொண்டே வந்தால் வேலியின் வெளித்தோல் பாய் மாதிரி அடர்ந்து, உள்ளே காற்றும் வெளிச்சமும் போகாமல் வெறுங்கூடாகிவிடும். அங்கேதான் மாவுப்பூச்சி குடியேறும். அதனால் இரண்டடிக்கு ஒரு இடத்தில் கையை உள்ளே விட்டு, ஒரு கிளையை ஒரு முழம் ஆழத்தில் செக்கேட்டரால் எடுத்துவிடுங்கள். சின்னச் சின்ன ஜன்னல்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஆனால் மூன்று வாரத்தில் உள்ளிருந்து துளிர் வரும்.

மாதம் பார்த்து

சேலம் ஊர் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் போல, ஏற்காடு 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுதான் என்றாலும் செடிக்கு இரண்டும் வெவ்வேறு ஊர்.

கீழே கத்திரி வெயிலில் கத்திரியை எடுக்காதீர்கள். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றிலும் ஓடிப்போன நுனிகளைக் கிள்ளுவதோடு நிறுத்துங்கள். கோடை மழை ஒன்றிரண்டு விழுந்தவுடன் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். அடுத்த வாரமே வெயில் 40 டிகிரியைத் தொட்டு இளந்துளிரைப் பொசுக்கும். கடுமையான வெட்டு எதுவானாலும் ஆடியில். ஆவணி முதல் ஐப்பசி வரை நமக்கு நல்ல மழை, துளிர் தடையில்லாமல் வரும். அந்த மாதங்களில் டுராண்டாவுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு வெட்டு வேண்டியிருக்கும். கோடையில் இரண்டு மாதம் விட்டாலும் ஒன்றும் ஆகாது.

மலைமேல் வெயில் பிரச்சினை குறைவு, ஈரம்தான் பிரச்சினை. மழையும் பனிமூட்டமும் தொடர்ந்து இருக்கும் நாட்களில் வெட்டினால் வெட்டுவாய் உலராமல் பூசணம் பிடிக்கும். இரண்டு நாள் வெயில் பார்த்து வெட்டுங்கள். மார்கழி, தையில் வளர்ச்சி மந்தமாக இருக்கும், வெட்டு தேவையே வராது. கீழே ஊரில் மாதமொரு வெட்டு என்றால் அங்கே இரண்டு மாதத்துக்கு ஒன்று போதும்.

பூவேலி

இட்லிப்பூ வேலியை டுராண்டா மாதிரி மாதாமாதம் சமமாக வெட்டிவிட்டு, ‘பூக்கவே மாட்டேன் என்கிறது’ என்று நர்சரிக்காரரைத் திட்டுபவர்கள் நிறையப் பேர். இட்லிப்பூ கிளையின் நுனியில் பூக்கிறது. நுனியை வெட்டிக்கொண்டே இருந்தால் எங்கே பூக்கும்? ஒரு சுற்றுப் பூ முடிந்து வாடத் தொடங்கும்போது, வாடிய கொத்தோடு இரண்டு கணு சேர்த்து செக்கேட்டரால் எடுங்கள். அடுத்த வெட்டு அடுத்த சுற்றுப் பூவுக்குப் பிறகுதான். செம்பருத்தியும் புதுக் கிளையில்தான் பூக்கும். வருடத்துக்கு ஒருமுறை ஆடியில் மூன்றில் ஒரு பங்கு எடுத்துவிட்டால், மழையோடு வரும் கிளைகள் எல்லாம் பூத்துத் தள்ளும். பூவேலி கொஞ்சம் கலைந்துதான் இருக்கும். கட்டம் கட்டிய மாதிரி இருக்க வேண்டும், பூவும் வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து நடக்காது.

கெட்டுப்போன வேலியை மீட்க

என் டுராண்டாவுக்கு வருகிறேன். பெரியவர் சொன்ன அந்த ஒரு வரியை மனசில் வைத்து, ஆடி பிறந்ததும் தரையிலிருந்து ஒரு அடி விட்டு மேலே அத்தனையையும் கைவாளால் அறுத்தேன், ஆனால் 40 அடியில் பாதியை மட்டும். மீதிப் பாதி அடுத்த ஆடியில். ஒன்று, முழு வேலியும் ஒரே நாளில் போனால் வீடு திறந்து கிடக்கும். இன்னொன்று, ஏதாவது தப்பாகிப் போனாலும் பாதி மிஞ்சும். அறுத்த தூரைச் சுற்றி மண்ணைக் கொத்தி, ஒரு கூடை மட்கிய எருவை இரண்டு செடிக்குப் பகிர்ந்து போட்டேன். கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினேன். மூன்றாம் வாரம் பட்டையில் ஊசிமுனை அளவுக்குப் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. ஐப்பசியில் அந்த இருபதடி, அறுக்காத இருபதடியைவிட அடர்த்தியாக இருந்தது.

டுராண்டா, செம்பருத்தி, இட்லிப்பூ, மருதாணி நான்கும் இந்த வைத்தியத்தைத் தாங்கும். தூஜாவிடம் செய்யாதீர்கள்.

பூச்சி நோய் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாவுப்பூச்சி தெரிந்தால் அந்தக் கிளையை வெட்டியெறிந்து, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இரக்கம் காட்டாதீர்கள்: நூடுல்ஸ் கொட்டிய மாதிரி மஞ்சள் நூலாக வேலிமேல் படரும் அம்மையார் கூந்தல். அதற்கு இலையும் கிடையாது, மண்ணில் வேரும் கிடையாது, செடியைத் துளைத்து உறிஞ்சியே வாழும். கையால் பிய்த்தால் ஒரு விரல் நீளத் துண்டு மிஞ்சினாலும் திரும்பப் படரும். அது சுற்றிய கிளைகளையும் சேர்த்து வெட்டி, சாக்கில் கட்டி வெயிலில் காயப்போடுங்கள்.

கடைசியாகக் கூட்டிப் பெருக்குவது

கத்திரி அலகில் ஒட்டிய பாலையும் பச்சையையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு மூடிவைக்கவும். நோய்ப்பட்ட செடியை வெட்டியிருந்தால் அடுத்த செடிக்குப் போகும் முன் அலகை ஸ்பிரிட்டால் துடைப்பது அவசியம்.

வெட்டியதை எரிக்க வேண்டாம். அரளியை எரித்தால் அந்தப் புகையே கெடுதல். டுராண்டா, இட்லிப்பூத் துண்டுகளைப் பொடியாக நறுக்கி வேலியின் தூரிலேயே பரப்பினால் கோடையில் ஈரம் காக்கும். டுராண்டா, அரளி, உன்னிச்செடி மூன்றையும் ஆடு மாடு மேயும் இடத்தில் கொட்டிவிடாதீர்கள். கிளுவை இலையென்றால் ஆட்டுக்காரரைக் கூப்பிட்டால் அவரே வந்து எடுத்துப் போவார். மருதாணி வெட்டுவதாக இருந்தால் தெருப் பிள்ளைகளிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், கூட்டிப் பெருக்க ஒரு இலை மிஞ்சாது.